இடது கிளியின் கண்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஆடி முடிய இன்னும் நான்கு நாள். பட்டுப்புடவை முதலாளிகள் தீபாவளிக்குப் புது டிசைன் கேட்பது ஆடியில். காசு தருவது ஆவணியில். நடுவில் உள்ள நாட்களை நான் எப்படிக் கடக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இன்று அன்பழகன் கடைக்கு ஒரு கரை முடித்துக் கொடுத்தேன். தாமரை மொட்டு, இடையில் மெல்லிய கொடி. ஆயிரத்து இருநூறு ரூபாய். "எழுதி வச்சிக்கம்மா, மொத்தமா வாங்கிக்கலாம்" என்றார். எழுதி வைத்துக்கொண்டேன்.

சென்ற மாத வரவு பதினோராயிரம். அதற்கு முந்தைய மாதம் பத்தொன்பது. அதற்கும் முன்னால் ஏழு. வேலூர் அலுவலகத்தில் இருந்தபோது மாதம் பதினெட்டாயிரம், ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் போனில் மணி அடிக்கும். அந்தக் கிளையை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒன்றாம் தேதி காலையில் போனை ஒருமுறை பார்க்கிறேன்.

இந்த வேலை பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கணினியில் கட்டம் கட்டமாக ஒரு பூவை வரைகிறேன். அதைப் பென் டிரைவில் ஏற்றித் தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால், எந்த இழை எழ வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று அது தறிக்குச் சொல்கிறது. எங்கோ ஒரு பெண் கல்யாணத்தன்று என் பூவை உடுத்திக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அது போதும் என்றுதான் இருக்கிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

நூலகம். இரண்டு மணி நேரம். தடிமனான மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று எடுத்தேன். முதல் நூறு பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறார்கள். வீட்டிலேயே இருந்த மாதிரி இருந்தது.

4 செப்டம்பர், புதன்

காலையில் அண்ணன் தன் பங்கைக் கொடுத்தான். நாலாயிரத்து நூற்று எழுபத்தைந்து. எட்டு ஐந்நூறு, ஒரு நூறு, ஒரு ஐம்பது, ஒரு இருபது, ஐந்து ரூபாய் நாணயம். "இந்தாங்க கடன்கார அம்மா" என்று குனிந்து கும்பிட்டான். அண்ணி சிரித்தாள்.

இந்தக் கடன் என் பெயரில் இருப்பதற்கு ஒரே காரணம், இந்த வீட்டில் அன்று சம்பளச் சீட்டு இருந்தது என்னிடம் மட்டும்தான். அன்பழகனுக்குக் கூலிக்கு நெய்யும் அண்ணனின் தறிக்கு மின்னணு ஜக்கார்டுப் பெட்டி வாங்க மூன்று லட்சம், நான்கு வருடம், மாதம் எட்டாயிரத்து முந்நூற்று ஐம்பது. ஐந்தாம் தேதி என் கணக்கில் இருந்து போகும். பாதி நான், பாதி அவன் என்று பேச்சு. இருபத்தாறு தவணை முடிந்தது. ஒரு மாதம்கூட அவன் தவறியதில்லை. நான்தான் போன மார்கழியில் தோழி ஜாக்குலினிடம் இரண்டாயிரம் கைமாற்று வாங்கிக் கட்டினேன்.

அப்பா இருந்திருந்தால் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருப்பார்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு, காகிதத்தில் இல்லாதது. ஒரு முதலாளிக்குக் கொடுத்த டிசைனை அந்த சீசன் முடியும்வரை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. அதன் பிறகு யாரும் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவுதான்.

என்னிடமும் ஒரு வழக்கம் உண்டு. அது இந்த நோட்டுக்கு மட்டும் தெரியும். வெளியே போகும் ஒவ்வொரு டிசைனிலும் ஒரு தப்பு வைக்கிறேன். அன்பழகனுக்கு ஆனியில் கொடுத்த ஜோடிக் கிளியில், இடது கிளியின் கண் ஒரு கட்டம் கீழே இறங்கியிருக்கும். வலது கிளிக்குச் சரியாக இருக்கும். பார்ப்பவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட இடம் இல்லாத வேலையில் இதுதான் என் கையெழுத்து.

அண்ணன் தன் தறியில் வீட்டுக்காக நெய்ய வரைந்து தருவதில் மட்டும் வைப்பதில்லை. வீட்டுக்குள் யாருக்குக் குறி?

15 செப்டம்பர், ஞாயிறு

ஆவணியின் கடைசி முகூர்த்தம். ஜாக்குலின் மணப்பெண் அலங்காரத்துக்குப் போயிருந்தாள். பத்து மணிக்குப் போட்டோ அனுப்பினாள், தன் வேலையைக் காட்ட. "கண்ண பாருடி, லைனர் எப்பிடி?"

நான் கண்ணைத்தான் பார்த்தேன். கிளியின் கண்ணை.

மாம்பழ மஞ்சள் புடவை, அரக்குக் கரை, ஜோடிக் கிளி. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கிளி. ஒரு கட்டம் கீழே.

அன்பழகன் தறிகளில் அந்தப் புடவை இன்னும் பாதிகூட இறங்கவில்லை. தீபாவளிக்குத்தான் கடைக்கு வருகிறது. இது எங்கே நெய்தது? விசைத்தறி நெசவு மாதிரி இருக்கிறது. ஜரிகையும் மட்டம்.

எப்படி?

18 செப்டம்பர், புதன்

அன்பழகன் கூப்பிட்டனுப்பினார். போனபோதே தெரிந்துவிட்டது. வழக்கமாக "டீ சொல்லுப்பா" என்பார். இன்று சொல்லவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு அவரும் போயிருக்கிறார். மொய் எழுதிவிட்டு மேடைக்குப் போனால் எதிரே அவருடைய கிளி.

"உன்ன படிச்ச பொண்ணுன்னு நெனச்சேன்."

"நான் குடுக்கலீங்க."

"அப்ப கிளி தானா பறந்து போச்சா?"

கடைப் பையன்கள் சிரித்தார்கள். நான் கொடுக்கவில்லை. ஆனால் அவர் தறிகளை விட்டால் அந்த ஃபைல் இருந்தது என்னிடம் மட்டும்தான். இரண்டும் உண்மையாக இருந்தால் என்ன சொல்வது?

"தைக்கு ஆறு டிசைன் பேசினோமே, அது வேணாம். பழைய பாக்கிய அனுப்பி வைக்கிறேன். ஒனக்கும் நமக்கும் ஒண்ணும் இல்லம்மா. போய்ட்டு வா."

ஆறு டிசைன், இருபத்திரண்டாயிரம். அதை வைத்துத்தான் அசலில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டலாம் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, இந்த நோட்டின் பின்னட்டையில் சொருகியிருந்தேன்.

வரும்போது இன்னொரு முதலாளி கடை வாசலில் நின்றிருந்தார். வழக்கமாகத் தலையசைப்பார். இன்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

22 செப்டம்பர், ஞாயிறு

நூலகம் போகவில்லை. யார் கையில் என் பென் டிரைவ் போனது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. ஆடி முதல் வாரம் ஜாக்குலின் ஸ்டுடியோவுக்குப் போட்டோ கொண்டுபோக இரவல் வாங்கினாள். இரண்டு நாள் வைத்திருந்தாள்.

மத்தியானம் போன் செய்தேன். கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சுற்றி வளைத்துக் கேட்டேன். "அதுல இருந்த வேற ஃபைல யாருக்காவது காமிச்சியா?"

"ரெண்டாயிரம் குடுத்தப்ப நான் உன்ன ஏதாவது கேட்டனா பவி?" என்றாள். வைத்துவிட்டாள்.

4 அக்டோபர், வெள்ளி

வரவு: கையில் நாலாயிரத்து எண்ணூறு. பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குப் பக்கம் வடிவமைத்த காசு.

அண்ணன் தன் பங்கைக் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவலப்படாத பாப்பா, அன்பழகன் இல்லன்னா இன்னொருத்தன்" என்றான். கண்ணில் நீர் வந்துவிட்டது. உள்ளே போய்விட்டேன். ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது இந்த ஒருவன் இருக்கிறானே என்று.

23 அக்டோபர், புதன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் புடவை எடுத்தது கண்ணமங்கலத்தில் என்று தெரிந்தது. திருமலை என்பவர் கடை. பஸ் ஏறினேன். வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்தேன். மஞ்சளில் கிளி போட்டது இருக்கிறதா என்றேன். ஒன்றுக்கு ஐந்து எடுத்துப் போட்டார். ஐந்தில் மூன்று என்னுடையவை. கிளி, தாழம்பூ, அப்புறம் போன தையில் போட்ட ரெட்டை மயில். மயிலின் கொண்டையில் ஒரு புள்ளி குறையும். குறைந்திருந்தது.

"டிசைன் நல்லாருக்குங்க. எங்க பண்றீங்க?"

"நம்மகிட்ட ஆரணிக்காரப் பையன் ஒருத்தன் கீறாம்மா. மாசம் பொறந்தா மூணாந் தேதி கரெக்டா வந்துடுவான். ரெண்டு டிசைன், நாலாயிரத்து எரநூறு. பேரமே பேச மாட்டான். வெளிய நாலாயிரத்துக்கு ஒண்ணுதான் வரும்."

"எவ்ளோ நாளா வர்றாரு?"

"ஒரு வருசம் தாண்டிப் போச்சி. உங்களுக்கும் டிசைன் வேணுமா? நம்பர் தரட்டா?"

போனைத் திருப்பிக் காட்டினார். பெயர் "ஆரணி டிசைன்" என்று இருந்தது. கீழே பத்து எண்கள். வங்கிப் படிவத்திலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று நான் எழுதும் பத்து எண்கள்.

மூன்றாம் தேதி அங்கே. நான்காம் தேதி என் கையில். நாலாயிரத்து இருநூறில் நாலாயிரத்து நூற்று எழுபத்தைந்து போனால் மிச்சம் இருபத்தைந்து. பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

24 அக்டோபர், வியாழன்

தறியில் இருந்தான். அண்ணி குழந்தைகளைப் பள்ளியில் விடப் போயிருந்தாள். அம்மா கதவருகே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து கண்ணமங்கலம் போயிருந்தேண்ணா."

தறி ஓடிக்கொண்டிருந்தது.

"திருமலைய பாத்தேன்."

நின்றது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன் பாப்பா."

"எப்போ? கடன் முடிஞ்சப்பறமா?"

"உன் கடனத்தானே கட்னேன்? நான் இன்னா குடிச்சனா, சீட்டாடுனனா?"

என் கடனாம். பெட்டி அவன் தலைக்கு மேலே இருக்கிறது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எப்படி எடுத்தாய் என்றேன். நான் ஞாயிறு நூலகம் போகும் நேரத்திலாம். இரண்டு மணி நேரம். நான் அங்கே யாரோ எழுதிய துரோகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தபோது.

ஏன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "மொதல்ல ரெண்டு மாசம் மொதலாளிகிட்டேர்ந்து பாவு நூல் வரல. தறி சும்மா நின்னுது. உன்னாண்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி. அப்பறம் பாவு வந்துது. ஆனா... ஈஸியா இருந்துச்சி பாப்பா."

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். ஈஸியா இருந்துச்சாம். பதினாலு மாசம், இருபத்தெட்டு டிசைன். என் பங்கையும் நான் கட்னேன், அவன் பங்கையும் நான்தான் கட்னேன். அதுக்கு மாசா மாசம் அவனுக்கு நன்றி வேற சொல்லிகினு இருந்தேன். நாலாந் தேதி அழுதேனே, அவன் எதிர்ல, அந்த ரூபா நோட்ட கையில வச்சிகினு. அப்பக்கூட சொல்லலியே. ஜாக்குலின சந்தேகப்பட்டேன்னு அவங்கிட்டதானே பொலம்புனேன். "யார நம்புறதுன்னே தெரியல"ன்னு அவன் சொன்னான். அவன் சொன்னான்!

அம்மா பூண்டை நிறுத்தவே இல்லை. அப்போதுதான் புரிந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அவன் கேட்டிருந்தா நீ குடுத்திருக்க மாட்டியா? கேக்காம எடுத்துட்டான், அவ்ளோதானே. வெளிய வாயத் தொறக்காத. அன்பழகன் காதுக்குப் போச்சின்னா பாவு குடுக்க மாட்டாரு. ரெண்டு புள்ளைங்க கீது அவனுக்கு."

எனக்கு என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

25 அக்டோபர், வெள்ளி

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அதுதான்.

26 அக்டோபர், சனி

கணினிக்குக் கடவுச்சொல் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள யாருக்குப் பூட்டு?" என்றாள்.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

அண்ணன் எனக்கு ஒரு புடவை எடுத்து வைத்திருந்தான். பிரிக்கவில்லை. அண்ணியின் பிள்ளைகளுக்கு மத்தாப்பு கொளுத்திக் கொடுத்தேன். அவர்கள் என்ன செய்தார்கள் பாவம்.

4 நவம்பர், திங்கள்

காசை நீட்டினான். எங்கிருந்து என்று கேட்டேன். "கூலிதான், சத்தியமா" என்றான். வாங்கவில்லை. அந்தக் கையில் இருந்து ஒரு நோட்டையும் வாங்க முடியவில்லை. நாளைக்கு முழுத் தவணையும் நானே. பேரேட்டில் இது முட்டாள்தனம். தெரிந்தேதான் செய்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

ஜாக்குலின் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலில் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தாய் ரோஸி அம்மா உள்ளேயிருந்து, "யாருடி அது, உள்ள வரச் சொல்லு" என்று இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் வழிவிட்டாள்.

"என்ன சந்தேகப்பட்டது கூட பரவால்ல. சுத்தி வளைச்சி கேட்ட பாரு, அதுதான்டி பேஜாரா போச்சி. நேரா கேட்டிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு அன்னிக்கே உன்கூட கண்ணமங்கலம் வந்திருப்பேன்."

"மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன். ரெண்டாயிரம் எப்ப தருவ?"

இரண்டு மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தேன். கேக் கொடுத்தார்கள். போன வருடக் கிறிஸ்துமஸ் டப்பாவில் இந்த வருடக் கேக்.

பேச்சு வாக்கில் அவள்தான் சொன்னாள். இப்போது மணப்பெண்கள் முந்தியில் தங்கள் பெயரும் மாப்பிள்ளை பெயரும் கல்யாணத் தேதியும் வேண்டும் என்கிறார்களாம். ஆரி எம்பிராய்டரி வேலைக்காரர்கள் ரவிக்கையில் போட்டுத் தருகிறார்கள். புடவையிலேயே நெய்து தருவார் யாரும் இல்லை. "பழைய மாதிரி டிசைனுக்கு அட்டையில ஓட்டை அடிக்கிற தறியா இருந்தா ஒரு பொடவைக்காக யாரு அட்டை அடிப்பா? உங்களுக்குத்தான் பென் டிரைவு கீதே."

வீட்டுக்கு நடந்து வரும்போது மெதுவாக உறைத்தது. ஒரு பாவில் மூன்று புடவை. உடல் ஒன்றுதான். முந்தி மட்டும் மூன்றும் வேறு வேறு. கணினியில் பெயர் மாற்ற எனக்கு ஒரு நாள். அதைவிட முக்கியம், "ரேவதி, சதீஷ்" என்று நெய்த முந்தியை எவனும் திருடிப்போய் வேறு எவளுக்கும் விற்க முடியாது.

2 டிசம்பர், திங்கள்

அன்பழகன் கடைக்குப் போனேன். என் பெயர் கெட்டிருக்கும்வரை எந்தத் தறிக்காரரும் எனக்கு நெய்ய மாட்டார். போகும் வழியெல்லாம் அம்மாவின் "ரெண்டு புள்ளைங்க" காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"டிசைன் என் வீட்டுல இருந்துதான் போச்சிங்க. நான் விக்கல. பூட்டி வைக்காதது என் தப்பு. இப்ப பூட்டிட்டேன். யாருன்னு சொல்ல மாட்டேன்."

கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டுலயா?"

நான் அவர் மேசையில் இருந்த கணக்கு நோட்டைப் பார்த்தேன்.

"சரி. நான் கேக்கல, நீயும் சொல்லல." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "வேல தர்றேன். ஆனா எனக்கு நஷ்டம் இல்லியா? இந்த சீசனுக்கு பாதி ரேட்டு."

இதை எதிர்பார்த்து வந்திருந்தேன். இறக்கிய கூலி இந்த ஊரில் மறுபடி ஏறாது. "நஷ்டம் உண்டுங்க. அதுக்கு நாலு டிசைன் காசு வாங்காம போட்டுத் தர்றேன். ரேட்ட மட்டும் கொறைக்காதீங்க. அஞ்சாவது டிசைன்லேர்ந்து பாதிக் காசு முன்னாலயே வேணும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பக் கத்துக்கின இதெல்லாம்?" பிறகு, "தம்பி, டீ சொல்லு" என்றார்.

வாசல் இறங்கும்போது, "உங்கண்ணன் எப்டிக் கீறான்?" என்று கேட்டார். பார்வை கணக்கு நோட்டில் இருந்தது.

"நல்லாருக்காருங்க" என்றேன்.

அவனுக்குப் பாவு நிற்கவில்லை. நிற்காது என்று நினைக்கிறேன். அவனுக்கு இதெல்லாம் தெரியாது.

19 ஜனவரி 2025, ஞாயிறு

முதல் பெயர்ப் புடவை. படவேட்டுப் பக்கத்துப் பெண். ஜெயவேல் என்பவர் தறியில் நெய்தார். முந்தியில் இரண்டு பெயர், நடுவே அம்மன் கோயில் கோபுரம். வரைவுக்கு மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு, பாதி முன்பணம். அந்தப் பெண் முந்தியை விரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள், தன் பெயரையே. இந்த வேலையில் முதல் முறையாக உடுத்துபவள் என் முகத்தைப் பார்த்தாள்.

5 பிப்ரவரி, புதன்

தவணை போயிற்று. ஜாக்குலினுக்கு இரண்டாயிரம் கொடுத்தேன். வட்டியாக ஒரு பரோட்டா கேட்டாள்.

16 மார்ச், ஞாயிறு

அண்ணனோடு பேசி நான்கு மாதத்துக்கு மேல். ஒரே வீடு. ஒரே குழாய். அவன் வருவது தெரிந்தால் நான் குடத்தை வைத்துவிட்டு உள்ளே வருகிறேன். அம்மா இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போடுகிறாள். "வீம்பு" என்கிறாள். இருக்கலாம். நாவல்களில் துரோகம் செய்தவன் ஓடிப்போகிறான், சாகிறான், அல்லது பக்கம் முடிகிறது. பல் விளக்கிக்கொண்டு எதிரே நிற்பவனை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

ஜெயவேலுக்கு அவர் முதலாளி வேலையே நிறைந்துவிட்டது. வைகாசி, ஆவணி, ஐப்பசிக்கு ஒன்பது பெண்கள் கேட்டிருக்கிறார்கள். தறி இல்லை. மூன்று நாளாக அலைகிறேன். மின்னணுப் பெட்டி உள்ள தறியாக வேண்டும். நல்ல கையாக வேண்டும்.

என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெட்டிக்கு நான்தான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

21 ஏப்ரல், திங்கள்

ஒரு தாளில் எழுதினேன். பதினான்கு மாதம், மாதம் 4,175. மொத்தம் 58,450. அவன் மேல் வைத்தேன். தறி மேல் இல்லை, அவன் மடியில்.

கீழே எழுதியிருந்தது: "புடவைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கூலி. ஒன்பது புடவை. காசு கையில் தர மாட்டேன், இதில் கழியும்."

படித்தான். நெடுநேரம் படித்தான். "திட்டுவேன்னு பாத்தேன்."

"ஜல்தியா நெய்யணும். வைகாசி மொதல் முகூர்த்தத்துக்கு மூணு வேணும்."

"சரிம்மா" என்றான். பாப்பா என்று சொல்லவில்லை. கூலி பேசும்போது அன்பழகனிடம் சொல்கிற அதே குரல்.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். ஜெயித்த மாதிரி இல்லை.

6 ஜூலை, ஞாயிறு

இரண்டாவது பாவு முடிந்தது. ஆறு புடவை. நெசவில் ஒரு குறை சொல்ல முடியாது. அவன் கை எப்போதும் நல்ல கை. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நூலகம் போகும்போது கணினியை அணைத்து, பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டேன். அண்ணன் பார்த்தான். நான் பார்த்ததையும் பார்த்தான்.

5 செப்டம்பர், வெள்ளி

போன மாத வரவு முப்பத்தொன்று. அதற்கு முன் பதினாறு. இன்னும் ஏறி இறங்குகிறது, ஆனால் இப்போது இறங்கும் மாதம் பயமில்லை. நிறைந்த மாதத்தில் எடுத்து ஒதுக்கியது குறைந்த மாதத்துக்கு நிற்கிறது. அந்தப் பின்னட்டைத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

ஒன்பதாவது புடவை இறங்கியது. ஆறாயிரத்து ஐந்நூறு வீதம் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. ஐம்பது ரூபாய் அவனுக்குக் கூடுதல். எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

"வச்சிக்க பாப்பா" என்றான்.

"கணக்கு கணக்குதான்" என்றேன்.

வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் அழுதிருப்பானோ என்று எனக்குச் சந்தேகம். திரும்பிப் பார்க்கவில்லை.

8 அக்டோபர், புதன்

வங்கிக்குப் போனேன். எட்டுத் தவணை மிச்சம் இருந்தது. மொத்தமாக அறுபத்து மூவாயிரத்துச் சொச்சமும் முன்கூட்டி முடிக்கும் கட்டணமும். கட்டினேன். அந்த அதிகாரி கணினியைப் பார்த்தபடியே, "நாப்பது தவணையும் கரெக்டா கட்டியிருக்கீங்க. எல்லாரும் இப்டி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லீங்க" என்றார். கடன் இல்லை என்ற கடிதம் ஒரு வாரத்தில் வருமாம்.

வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தேன். ஐஸ் போடாமல்.

அம்மாவிடம் சொன்னேன். கேசரி கிளறினாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி பாரு. இதுக்குப் போயி அண்ணன் தங்கச்சிக்குள்ள..." என்று ஆரம்பித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

அண்ணன் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. இந்த ஒரு வருடத்தில் அவன் கற்றுக்கொண்டது அது.

"சொந்தமா ஒரு பாவு போடலாம்னு இருக்கேன். தைக்கு. எனக்கு ஒரு ஜோடிக் கிளி போட்டுத் தர்றியா? பழசு வேணாம், புதுசா. இன்னா ரேட்டோ குடுத்துடறேன்."

பாதி முன்பணம் இரண்டாயிரம், நான்கு ஐந்நூறாக, மேசையின் ஓரத்தில் வைத்தான். ரசீது எழுதிக் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்றான். பிறகு, "கண்ணு நீ போட்டாதான் பாப்பா உயிரா இருக்கும்" என்றான்.

பதினொரு மணிக்கெல்லாம் வரைந்து முடித்துவிட்டேன். நன்றாக வந்தது. இதுவரை போட்டதில் இதுதான் நல்ல கிளி என்று நினைக்கிறேன். மூக்கின் வளைவும் வாலும் ஒரே இழுப்பில் விழுந்தன. இரண்டு கண்களையும் சரியான இடத்தில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணியிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

இடது கிளியின் கண்ணை ஒரு கட்டம் கீழே இறக்கினேன். பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.